எந்த முகவரியில் பழுது?

ஆள் எடுக்கும் நேர்காணலில் உட்காரும்போதெல்லாம் நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஒரு சர்வர், அதன்மேல 16 வி.எம். ஓடுது. ராத்திரி 2 மணிக்கு ரேம்ல திருத்த முடியாத பழுது ஒண்ணு வந்துட்டு. என்ன செய்வீங்க?"

"ரீபூட் பண்ணுவேன் சார்" என்பதுதான் வழக்கமான பதில். கொஞ்சம் வேலை பார்த்தவர்கள், "எல்லா வி.எம்.மையும் ஓடுறபடியே வேற சர்வருக்கு மாத்திட்டு ரீபூட் பண்ணுவேன்" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது, பின்னால் வருகிறேன். அபூர்வமாக ஒரு பிள்ளை மட்டும் திருப்பிக் கேட்கும்: "பழுது எந்த முகவரியில சார்? அந்த இடம் அப்ப யார் கையில இருந்துச்சு?" அப்படிக் கேட்ட ஒருவரையும் இதுவரை நான் வேண்டாம் என்று அனுப்பியதில்லை.

எனக்குச் சொந்த ஊர் களக்காடு. பொங்கலுக்கு வந்தால் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நெல்லையிலும் சேரன்மகாதேவிப் பக்கமும் பொறியியல் படிக்கிறவர்கள், முடித்துவிட்டுச் சென்னைக்கோ பெங்களூருக்கோ பெட்டி கட்டக் காத்திருப்பவர்கள். "அண்ணாச்சி, கிளவுட் படிக்கலாமா, ஏ.ஐ. படிக்கலாமா?" என்று ஆரம்பிப்பார்கள். இரண்டுமே ஏதோ ஒரு சர்வரின்மேல்தான் ஓடுகின்றன, அந்த சர்வர் பழுதாகும்போது மேலே ஓடுகிறவனுக்குச் சரியாகத் தகவல் சொல்லத் தெரிந்த ஆளுக்கு எந்தக் கம்பெனியிலும் இடம் உண்டு என்று நான் சொல்வேன். திண்ணையில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தொடக்கத்திலேயே ஒன்று. ஒரே இரும்புப் பெட்டிக்குள் பல கணினிகள் இருப்பதுபோல மென்பொருளால் உண்டாக்குவதுதான் மெய்நிகராக்கம். பெட்டியை ஆள்கிற இயங்குதளம் ஹோஸ்ட். அதற்குள் குடியிருக்கும் மெய்நிகர் கணினிதான் வி.எம். ஒவ்வொரு வி.எம்.முக்குள்ளும் ஓடும் இயங்குதளம் கெஸ்ட். தான் குடியிருப்பது வாடகை வீடு என்பதை கெஸ்ட் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. தனக்கென்று ரேம், தனக்கென்று டிஸ்க் இருப்பதாக நினைத்தே வேலை செய்கிறது. வீட்டுக்காரருடைய சுவரில் விரிசல் விழுந்தால் குடித்தனக்காரருக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் நம் பேச்சு.

பிட் ஏன் புரள்கிறது

ரேமில் ஒரு பிட் தானாகப் புரண்டுவிடும், 0 என்று எழுதியது 1 என்று வாசிக்கப்படும் என்றால் புதிதாக வருகிறவர்கள் நம்புவதில்லை. 1970-களின் கடைசியிலேயே இன்டெல் பொறியாளர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சிப்பை மூடியிருந்த பொருளில் இம்மியளவு இருந்த கதிரியக்கத் தனிமங்கள் ஆல்ஃபா துகள்களை உமிழ்ந்தன, அவை மின்னூட்டத்தைக் குலைத்தன. வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் இதைச் செய்யும். சிப்பின் தேய்மானம், சூடு, ஸ்லாட்டில் சரியாக உட்காராத டிம் (ரேம் பலகை) என்று காரணங்கள் இன்னும் உண்டு.

2003 மே மாதம் பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில், ஸ்கார்பேக் என்ற இடத்தில் ஒரு வேட்பாளருக்கு அவருக்கு விழக்கூடியதைவிட அதிக வாக்குகள் பதிவாயின. சரிபார்த்தபோது மிகுதியாக இருந்தவை சரியாக 4,096. அது 2-இன் 12-ஆம் அடுக்கு. ஒரே ஒரு பிட் புரண்டால் வரக்கூடிய எண். அந்த வேறுபாடு கண்ணில் பட்டது, அதனால் திருத்தினார்கள். கண்ணில் படாத எண்ணாக இருந்திருந்தால்?

கூகுளின் சர்வர்களை வைத்து டொரண்டோ பல்கலைக்கழகமும் கூகுளும் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. ஓர் ஆண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு சர்வர் திருத்தத்தக்க ரேம் பழுதை ஒரு தடவையாவது பார்த்தது. டிம் கணக்கில் 8 சதவீதத்துக்கு மேல். திருத்த முடியாத பழுது வந்தவை 1.3 சதவீத சர்வர்கள். சின்ன எண்தான். ஆனால் 500 சர்வர் உள்ள இடத்தில் வேலை பார்த்தால், ஆண்டுக்கு ஆறேழு தடவை உங்கள் போன் அடிக்கும் என்று அர்த்தம்.

'திருத்தத்தக்கது', 'திருத்த முடியாதது' என்ற பிரிவு இங்கே முக்கியம். சர்வர் ரேமில் ஈ.சி.சி. என்ற பிழைதிருத்தும் ஏற்பாடு இருக்கும். 64 பிட் தரவுக்கு 8 பிட் காவல் என்று மொத்தம் 72. ஒரு பிட் புரண்டால் அதுவே சரிசெய்துவிடும். இரண்டு பிட் புரண்டால் "தப்பு நடந்திருக்கிறது" என்று சொல்ல முடியும், சரிசெய்ய முடியாது. முதல் வகையை ஹோஸ்டே எண்ணி வைத்துக்கொள்ளும். கெஸ்டுக்கு அது தெரிய வேண்டியதில்லை, பொதுவாகச் சொல்வதும் இல்லை. அடிக்கடி முனகும் பக்கத்தை (ரேமின் சிறு துண்டுக்கு அப்படிப் பெயர்) ஹோஸ்ட் மெல்ல வேறிடத்துக்குப் பெயர்த்துவிடும், கெஸ்டுக்குக் காற்றுப் பட்டதுகூடத் தெரியாது. இரண்டாவது வகையில்தான் யாருக்கு, எப்படி, எவ்வளவு சொல்வது என்ற கேள்வி வருகிறது.

செய்தி கை மாறும் விதம்

எங்கப்பா வாழை வைத்திருந்த வயலுக்குப் பச்சையாற்றுத் தண்ணீர். மழைக்காலத்தில் ராத்திரி யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். "வாய்க்கா உடைஞ்சிட்டு" என்று மட்டும் சொன்னால் அத்தனை பேரும் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓட வேண்டியதுதான். "மேலக்கரையில, மூணாவது மடைக்குக் கீழ, ரெண்டு முழம், தண்ணி உங்க ஏத்தன் வயலுக்குள்ள இறங்குது" என்று சொன்னால், போக வேண்டியவர் மட்டும் போவார், மற்றவர்கள் தூங்குவார்கள். ஏத்தன் வாழைக்கு வேரில் தண்ணீர் தேங்கினால் ஆகாது, அதனால் போகிறவர் உடனே போகவேண்டும். இடம், அளவு, யாருக்கு, எவ்வளவு அவசரம் என்ற நாலும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. ப்ராசசர் முதல் கெஸ்ட் வரைக்கும் ஒரு பழுதுச் செய்தி கடத்தப்படுவதும் இந்த நாலைக் காப்பாற்றத்தான்.

லினக்ஸ், கே.வி.எம்., க்யூ-எமு என்ற மூன்றும் சேர்ந்த ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். நம்மூர்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கிடைப்பது அதுதான்.

இன்டெல் ப்ராசசர் ரேமில் திருத்த முடியாத பழுதைக் கண்டால் 'மெஷின் செக்' என்ற விதிவிலக்கை எழுப்பும், எண் 18. பழைய நாட்களில் அதோடு கதை முடிந்தது, மொத்த இயந்திரமும் நின்றுவிடும். 2009 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6.32 கெர்னலும், 2010-இல் வந்த சியான் 7500 வரிசை ப்ராசசர்களும் இந்த நிலையை மாற்றின. பழுதான 4 கிலோபைட் பக்கத்தை மட்டும் 'நஞ்சு' என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிட்டு, மற்றதை ஓடவிடும் வழி பிறந்தது.

ஒதுக்குவதற்கு முன் கெர்னல் கேட்கிற கேள்விதான் என் நேர்காணல் கேள்வியின் விடை: இந்தப் பக்கம் யாருடையது? யாரும் எடுக்காத வெற்றுப் பக்கம் என்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் போதும், ஒருவருக்கும் சேதம் இல்லை. டிஸ்கிலிருந்து படித்து வைத்த, மாற்றப்படாத பக்கம் என்றால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி படித்துக்கொள்ளலாம். ஹோஸ்ட் கெர்னலே உட்கார்ந்திருக்கும் இடம் என்றால் பிழைக்க வழி அநேகமாக இல்லை, 16 வி.எம்.மும் சேர்ந்து விழும். ஒரு வி.எம்.முக்குக் கொடுத்த ரேம் என்றால், இங்கேதான் செய்தி கை மாறத் தொடங்குகிறது.

வி.எம். என்பது ஹோஸ்டின் கண்ணுக்கு க்யூ-எமு என்ற ஒரு ப்ராசஸ், அவ்வளவுதான். எனவே ஹோஸ்ட் கெர்னல் அந்த ப்ராசஸுக்குச் 'சிக்பஸ்' என்ற சிக்னலை அனுப்புகிறது. சாதாரண ப்ராசஸ் அதை வாங்கினால் செத்துப்போகும். க்யூ-எமு சாகாமல் வாங்கிக்கொள்ளும்படி எழுதப்பட்டிருக்கிறது. தொடங்கும்போதே, "பழுது தெரிந்தவுடன் எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடு" என்று கெர்னலிடம் பதிந்தும் வைத்துக்கொள்கிறது. சிக்னலோடு ஒரு முகவரி வரும், அது ஹோஸ்ட் கணக்கில் இருக்கும். க்யூ-எமு அதைக் கெஸ்டின் கணக்குக்குப் பெயர்க்கிறது: உன் ரேமில் இன்ன இடம். பிறகு கெஸ்டின் மெய்நிகர் ப்ராசசருக்குள் ஒரு மெஷின் செக்கை அதுவே எழுப்புகிறது. உண்மையான இரும்பிலிருந்து வந்ததாகவே கெஸ்ட் அதை எடுத்துக்கொண்டு, ஹோஸ்ட் கேட்ட அதே கேள்வியைத் தன் வீட்டுக்குள் கேட்கிறது: இந்தப் பக்கம் யாருடையது? ஒரு ப்ராசஸுடையது என்றால் அது மட்டும் போகும். கெஸ்ட் கெர்னலுடையது என்றால் அந்த வி.எம். விழும். மிச்சம் 15-க்கும் ஒன்றும் ஆகாது.

அவசரத்திலும் இரண்டு வகை உண்டு. ரேமைச் சும்மா வலம்வந்து சோதிக்கும் 'ஸ்க்ரப்பர்' கண்டுபிடித்த பழுதை இன்னும் யாரும் தொடவில்லை, செயல் கட்டாயமில்லை. ப்ராசசர் அந்தத் தரவைத் தின்னப்போகும் நொடியில் கண்டால், அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். இரண்டையும் பிரித்துச் சொல்ல சிக்னலிலேயே தனித்தனிக் குறி இருக்கிறது.

எல்லா இரும்பும் இதே பாதையில் போவதில்லை. ஆர்ம் ப்ராசசரில், பழுதின் விவரத்தை ஒரு படிவம்போல நிரப்பிக் கெஸ்டின் ரேமில் ஒரு மூலையில் வைத்துவிட்டு, "அங்கே பார்" என்று தட்டுகிறார்கள். ஐ.பி.எம். பவர் கணினிகளில், பழுது வந்தால் எந்த வாசலில் தட்ட வேண்டும் என்று கெஸ்ட் முன்னதாகவே பதிவுசெய்து வைக்க வேண்டும். இரண்டுமே 2020-இல்தான் க்யூ-எமுவில் முழு வடிவம் பெற்றன. பவர் பாதையை எழுதியதில் ஐ.பி.எம்.மின் இந்தியப் பொறியாளர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அவர்கள் முதல் வடிவத்தை அனுப்பியது 2014-இல். ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் திருத்தி, மறுபடி அனுப்பி, குறை கேட்டு, மறுபடி திருத்தியிருக்கிறார்கள். அந்தப் பேச்சுவார்த்தை முழுவதும் பொதுவில் இருக்கிறது, யாரும் படிக்கலாம். ஒரு பொறியாளர் எப்படி யோசிக்கிறார், எங்கே விட்டுக்கொடுக்கிறார் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நான் செய்த தவறு

வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது ஆண்டு. கம்பெனியின் பெயர் வேண்டாம். ஹோஸ்ட் பக்கத்து டீமில் இரவு ஷிஃப்ட். ஒரு வாடிக்கையாளரின் பில்லிங் வி.எம்.மில் டேட்டாபேஸ் திடீரென்று செத்துவிட்டது என்று டிக்கெட் வந்தது. அவர்கள் கெஸ்டின் லாகையும் இணைத்திருந்தார்கள். அதில் 'ஹார்ட்வேர் எர்ரர்' என்ற வரியும், 'பேங்க் 9' என்ற குறிப்பும் இருந்தன.

நான் டாஷ்போர்டைப் பார்த்தேன். ஹோஸ்ட் பச்சை. அந்த டாஷ்போர்டுக்கு சர்வர் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க மட்டுமே தெரியும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பேங்க் 9 என்றால் என்ன என்று சர்வர் கையேட்டில் தேடினேன், பொருந்தவில்லை. "வி.எம்.முக்குள் தெரியும் ஹார்ட்வேர் பழுது நம்பத்தக்கதல்ல. ஹோஸ்ட் நலம். அப்ளிகேஷன் பக்கம் பாருங்கள்" என்று எழுதி டிக்கெட்டை மூடினேன்.

பேங்க் 9 என்பது க்யூ-எமு தானே இடும் எண். உண்மையான இரும்பில் எந்த ஸ்லாட் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. க்யூ-எமு வழியாக வரும் ரேம் பழுது எல்லாமே கெஸ்டுக்கு அந்த எண்ணில்தான் தெரியும். அந்த எண்ணைப் பார்த்த நொடியிலேயே "இது கீழேயிருந்து கடத்தப்பட்ட செய்தி, ஹோஸ்டின் கெர்னல் லாகைத் திற" என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். திறந்திருந்தால், அதே நிமிடத்தில் 'மெமரி ஃபெய்லியர்' என்று தொடங்கும் வரி அங்கே இருந்திருக்கும்.

மூன்று நாள் அந்தப் பக்கத்தில் தேடினார்கள். கடைசியாகக் குறியீடு மாற்றியது அவர்களுடைய டீமில் இருந்த ஒரு சின்னப் பெண் என்பதால் பழி அவள்மேல் விழுந்தது. நான்காம் நாள் அதே ஹோஸ்டில் வேறொருவரின் வி.எம்.மில் இதேபோல் நடந்தது. அப்போதுதான் ஷிஃப்ட் லீட் அண்ணாச்சி லாகைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இந்த வரி நாலு நாளா இங்கதான தம்பி கெடக்கு?" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. ஒரே டிம்மில் இரண்டு பக்கங்கள். அவர் பக்கத்தில் உட்கார, நான் வாடிக்கையாளருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அந்தப் பெண்ணின் பெயரைத் தனியாகக் குறிப்பிட்டு, அவர் மாற்றிய குறியீட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எழுதச் சொன்னார். அந்த வரிதான் கடிதத்திலேயே முக்கியமானது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் எழுதும் டிக்கெட்டில் இவை இல்லாமல் இருந்ததில்லை: ஹோஸ்டில் பழுது பதிவான நேரம், கெஸ்டில் பதிவான நேரம், ஹோஸ்ட் முகவரி, அது கெஸ்டில் எந்த முகவரி, எந்த டிம் ஸ்லாட், வேறு யாருடைய பக்கமாவது சேர்ந்து போனதா, போன ப்ராசஸ் எது. நிச்சயமாகத் தெரிந்ததை "தெரியும்" என்றும், ஊகத்தை "ஊகம்" என்றும் பிரித்து எழுதுகிறேன். "அப்ளிகேஷன் பிரச்சினை" என்ற சொல்லை, எதிர்ப்பக்க லாகைப் படிக்காமல் எழுதுவதில்லை.

அந்தப் பள்ளம்

ஓடுகிறபடியே எல்லா வி.எம்.மையும் மாற்றுவேன் என்று சொன்னவர்களுக்கு வருவோம். அப்படி மாற்றும்போது வி.எம்.மின் ரேம் முழுவதையும் பக்கம் பக்கமாகப் படித்து அடுத்த சர்வருக்கு அனுப்ப வேண்டும். நஞ்சு முத்திரை குத்திய பக்கம் ஒன்று அதில் இருந்தால், அதைத் தொட்டதும் மறுபடி சிக்னல். இந்தத் தடவை தொட்டது கெஸ்டின் மெய்நிகர் ப்ராசசர் இல்லை, க்யூ-எமுவே. அதைக் கெஸ்டிடம் தள்ளிவிட முடியாது, ப்ராசஸ் செத்துவிடும். ஒரு டேட்டாபேஸ் போனதோடு முடிந்திருக்க வேண்டியது, முழு வி.எம்.மும் போனதாக முடியும். புதிய க்யூ-எமு பதிப்புகள் நஞ்சுள்ள வி.எம்.மை நகர்த்தவே விடுவதில்லை. பழைய பதிப்பு ஓடும் இடங்கள் நிறைய இருக்கின்றன.

ஆகவே வரிசை இது. பழுது படாத 15-ஐ ஓடுகிறபடியே நகர்த்துங்கள். பழுது பட்டதை வாடிக்கையாளரிடம் நேரம் கேட்டு, முறையாக நிறுத்தி, வேறு சர்வரில் புதிதாகத் தொடங்குங்கள். வேறு சர்வர் இல்லையென்றால் கெஸ்டை ரீபூட் செய்தாலே க்யூ-எமு அந்த இடத்துக்கு நல்ல பக்கம் ஒன்றை மாட்டிவிடும். ஹோஸ்டின் பழுதுப் பக்கம் மூடியபடியே இருக்கும்.

இன்னொன்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: வி.எம்.முக்கு எந்த அளவுப் பக்கத்தில் ரேம் கொடுக்கிறார்கள்? வேகத்துக்காக 2 மெகாபைட், சில இடங்களில் 1 கிகாபைட் பெரும்பக்கங்களை முன்கூட்டியே ஒதுக்கிக் கொடுப்பார்கள். அப்படி ஒதுக்கிய பெரும்பக்கத்தில் ஒரு மூலை கெட்டாலும் பக்கம் மொத்தமும் கைவிட்டுப் போகலாம். 4 கிலோபைட்டில் நின்றிருக்க வேண்டிய சேதம் 1 கிகாபைட் ஆகும். வேகத்துக்கும் இதற்கும் இடையில் முடிவெடுப்பது மூத்தவர்கள் வேலை. ஆனால் கேள்வியை எழுப்ப வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே போதும்.

டிஸ்க் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடைமுறையில் ரேமைவிட அதுதான் அடிக்கடி வரும். வி.எம்.களை நிர்வகிக்கும் லிப்வர்ட்டில் ஒவ்வொரு டிஸ்குக்கும் 'எர்ரர் பாலிசி' என்ற ஓர் அமைப்பு உண்டு. பழுது வந்தால் கெஸ்டிடம் சொல்வதா, வி.எம்.மை அப்படியே நிறுத்தி வைப்பதா, இடம் தீர்ந்தால் மட்டும் நிறுத்துவதா, கண்டுகொள்ளாமல் விடுவதா என்று அதில் எழுதலாம். கடைசி வழியை எங்கேயாவது பார்த்தால் ஏன் என்று கேளுங்கள். எழுதியதாகக் கெஸ்ட் நம்பும், எழுதப்பட்டிருக்காது. பழுதைச் சொல்லியும் அது சரியாகப் போய்ச் சேராமல் போன பெரிய கதை 2018-இல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் உலகத்தில் வெடித்தது. டிஸ்கில் எழுத முடியவில்லை என்று லினக்ஸ் கெர்னல் ஒரு தடவை சொல்லிவிட்டு அதை மறந்துவிடும். போஸ்ட்கிரெஸ் மறுபடி கேட்டால் "எல்லாம் சரி" என்று பதில் வரும், அதை அது நம்பிவிடும். பல ஆண்டுகள் இப்படி ஓடியிருக்கிறது. 2019 பிப்ரவரிப் பதிப்புகளில் மாற்றினார்கள்: முதல் தடவை பழுது என்று கேட்டவுடனேயே டேட்டாபேஸ் தன்னை நிறுத்திக்கொண்டு, எழுதி வைத்த பதிவேட்டிலிருந்து மீண்டு எழும்.

சனிக்கிழமைப் பயிற்சி

8 கிகாபைட் ரேம் உள்ள மடிக்கணினி போதும். லினக்ஸ் போட்டு, கே.வி.எம்.மில் 1 கிகாபைட்டில் ஒரு சின்ன வி.எம். உண்டாக்குங்கள். க்யூ-எமுவின் மானிட்டரில் 'எம்.சி.ஈ.' என்றே ஒரு கட்டளை இருக்கிறது. ப்ராசசர் எண், பேங்க் எண், நிலை எண், முகவரி முதலியவற்றைக் கொடுத்தால் கெஸ்டுக்குள் ஒரு பொய்ப் பழுதை எழுப்பும். லிப்வர்ட்டின் விர்ஷ் கட்டளை வழியாகவும் அதைக் கொடுக்கலாம். சொந்த மடிக்கணினியில் மட்டும் செய்யுங்கள். ஆபீஸ் சர்வரில் விளையாட வேண்டாம்.

நிலை எண் என்பது 64 பிட். ஒரு கோடு போட்ட நோட்டில் 64 கட்டம் வரைந்து, மேலிருந்து நிரப்புங்கள். 63-ஆவது கட்டம், இந்தப் பதிவு செல்லும் என்று சொல்கிறது. 61, திருத்த முடியாதது. 58, கொடுத்த முகவரி நம்பத்தக்கது. 57, ப்ராசசரின் நிலையே கெட்டுவிட்டது. 55, இப்போதே செயல்பட வேண்டும். முதலில் 61-ஐ வெறுமையாக விட்டு அனுப்புங்கள்: கெஸ்ட் லாகில் எழுதிவிட்டு வேலையைத் தொடரும். அடுத்து 61-ம் 57-ம் நிரப்பி அனுப்புங்கள்: கெஸ்டின் கறுப்புத் திரையில் 'ஃபேட்டல் மெஷின் செக்' என்று வந்து வி.எம். நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றிரண்டு கட்டங்கள்தான் வித்தியாசம். ஒரு முறை கண்ணால் பார்த்தால் பிறகு எந்த லாகைப் பார்த்தும் பயம் வராது. கையேடு வேண்டுமென்றால் இன்டெல்லின் மென்பொருள் கையேட்டில் மூன்றாம் தொகுதி, மெஷின் செக் அத்தியாயம். மெதுவாகப் படியுங்கள், ஒரு வாரம் ஆகட்டும்.

லினக்ஸில் 'மெம்இன்ஃபோ' கோப்பைத் திறந்தால் 'ஹார்ட்வேர் கரப்டட்' என்று ஒரு வரி இருக்கும். நல்ல இயந்திரத்தில் அது 0. 4 என்று இருந்தால் ஒரு பக்கம் போயிருக்கிறது என்று பொருள். ஆயிரம் டாஷ்போர்டுகள் காட்டாததை அந்த ஒரு வரி காட்டும்.

கே.வி.எம். கையில் இல்லாமல் கிளவுடில் குடியிருக்கும் டீமில் சேர்ந்தால், ஹோஸ்ட் லாக் உங்களுக்குக் கிடைக்காது. அங்கே வீட்டுக்காரர் சொல்வதைச் சரியாகக் கேட்கக் கற்க வேண்டும். அமேசானில் சிஸ்டம் நிலை, இன்ஸ்டன்ஸ் நிலை என்ற சோதனைகள் தனித்தனியாக வரும். முதலாவது விழுந்தால் பழுது அவர்கள் பக்கம், இரண்டாவது மட்டும் விழுந்தால் பெரும்பாலும் உங்கள் பக்கம். சர்வர் ஓய்வு பெறப்போகிறது என்று தேதி குறித்து மின்னஞ்சலும் அனுப்புவார்கள். அது யாரும் திறக்காத பொதுப் பெட்டிக்குப் போய்க் கிடப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அஸூரில் வி.எம்.முக்குள்ளிருந்தே 169.254.169.254 என்ற முகவரியைக் கேட்டால் வரப்போகும் பராமரிப்பைச் சொல்லும்.

வேலை எங்கே

சென்னையில் அம்பத்தூரும் சிறுசேரியும் டேட்டா சென்டர்களால் நிறைந்து வருகின்றன. பெருங்குடியில் எல்காட் நடத்தும் தமிழ்நாடு அரசின் தரவு மையம் இருக்கிறது. நம் பக்கத்தில் கங்கைகொண்டானில் எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ. முதல் வேலை அநேகமாக எல்-1 சப்போர்ட்டாகத்தான் இருக்கும், இரவு ஷிஃப்ட்டும் இருக்கும். அதைக் குறைவாக நினைக்காதீர்கள். பழுதுச் செய்தி முதலில் வந்து விழுவது அந்த நாற்காலியில்தான்.

நேர்காணல் முடிவில் "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். சம்பளம், ஷிஃப்ட், ஊருக்கு லீவு எல்லாம் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். அதோடு இதையும் கேளுங்கள்: "உங்க ஹோஸ்ட்ல வர்ற மெஷின் செக் லாகை யார் சார் பார்ப்பாங்க? ஒரு டிம் பழுதானா எந்தெந்த வாடிக்கையாளரைத் தொட்டுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" ஒரு டீமின் பெயரையோ ஒரு நடைமுறையையோ சொன்னால் அது கற்றுக்கொள்ளத்தக்க இடம். அப்படி ஒன்றும் இல்லை என்று தெரிந்தால், சேர்ந்த பிறகு உங்கள் லீடிடம் அந்த வேலையைக் கேட்டு வாங்குங்கள். ராஸ்டீமன் என்ற இலவச மென்பொருளை முதலில் சோதனை ஹோஸ்டில் நிறுவி, பழுதுகளை அது எழுதும் பதிவேட்டைத் தினம் காலையில் ஒரு தடவை திறந்து பாருங்கள். எந்த வி.எம். எந்த ஹோஸ்டில் இருந்தது, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை என்ற பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டையும் நேரம் வைத்துப் பொருத்துகிற சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி முடிக்க ஒரு மாதம் ஆகலாம். அது முதன்முதலில் ஒரு வாடிக்கையாளரின் பெயரைக் காட்டும் அன்று, அவர்கள் டிக்கெட் போடும் முன் நீங்கள் அவர்களுக்குப் போன் செய்யுங்கள்.